ஓடை சுத்தமாகிவிட்ட வருத்தம்

எங்கள் கட்டடத்தில் படிக்கட்டு பெருக்கும் முறை எனக்கு வருகிற வாரம், சனிக்கிழமை காலையிலேயே வேலையை முடித்துவிடுவேன். முறை அட்டையை என் கதவிலிருந்து கழற்றி எதிர்வீட்டுக் கதவில் மாட்டும் முன், அந்த அட்டையையும் ஒரு துடை துடைப்பேன். பதினெட்டு வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்திருப்பது என் முறை வாரத்தில். அட்டை இன்னும் என் கதவில்தான் தொங்குகிறது. யாரையாவது அனுப்பிப் பெருக்கச் சொன்னால் நன்றாக இருக்கும். ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டும், வெறும் துடைப்பம் போதாது.

சரி, ஓடை விஷயம். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நீங்கள் காப்பி குடிக்கிற அந்தக் காகிதக் கோப்பையைப் பற்றி இப்போது எதுவும் சொல்லவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

ஹாஸ்லிங்கன் ஊரில் சிறு தொழில் நடத்துகிறவர்களுக்குச் சமூகப் பொறுப்பு சொல்லிக்கொடுப்பது என் வேலை. சேமிப்பு வங்கிக்கு மேலே எங்கள் அலுவலகம். நானும் டோர்பெனும். டோர்பென் அரை நாள் மட்டும் வருவான், வடக்குப் பக்கத்துப் பையன், நாற்பது வயதாகியும் இன்னும் எங்கள் பேச்சு பாதி புரியாது. பெரிய கம்பெனிகளுக்கு இதற்கென்று ஒரு மாடி முழுக்க ஆட்கள் இருப்பார்கள். ஆறு பேர் வேலை செய்கிற ரொட்டிக் கடைக்கு யார் இருக்கிறார்கள்? நான்தான். நாற்பத்திரண்டு கேள்விகள் உள்ள படிவத்தோடு கடை கடையாகப் போவேன். தேறியவர்களுக்கு வாசலில் அடிக்க ஒரு பச்சைத் தகடு கொடுப்போம்.

சுலபம் என்று நினைக்காதீர்கள். முடி திருத்தும் வால்ட்ராவுட் இருபது வருடமாக முதியோர் இல்லத்துக்குத் திங்கள்தோறும் போய்ச் சும்மா முடி வெட்டிவிட்டு வருவாள். இதைப் பற்றி எங்கும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. "எழுதி என்னம்மா ஆகப்போகுது, முடி மறுபடியும் வளரத்தானே போகுது" என்றாள். நான் பொறுமையாக விளக்கினேன். புகைப்படம் இல்லாவிட்டால் அது பொறுப்பு ஆகாது, வெறும் நல்ல குணம்தான். அடுத்த வாரத்திலிருந்து படம் எடுத்தாள். கிழவர்கள் அசைந்துகொண்டே இருந்ததால் வாரத்துக்கு இரண்டு பேருக்குத்தான் வெட்ட முடிந்தது. ஆனாலும் தகடு கிடைத்தது.

எங்கள் திட்டத்தின் சிகரம் ஓடை நாள். வசந்தம் வந்ததும் ஒரு சனிக்கிழமை, தகடு வாங்கிய கடைக்காரர்களும் வேலையாட்களும் மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கிக் குப்பை பொறுக்குவார்கள். பித்தளை வாத்தியம் வாசிப்பார்கள். மேயர் குப்பையைத் தராசில் நிறுத்து எடையைச் சத்தமாக அறிவிப்பார். அந்த எடையை நான் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் எங்கள் தலைமைக் கூட்டமைப்புக்கு அனுப்ப வேண்டும். முதல் வருடம் முந்நூற்று நாற்பது கிலோ. ஒரு மிதிவண்டிகூடக் கிடைத்தது. இரண்டாம் வருடம் தொண்ணூறு கிலோ.

மூன்றாம் வருடம் நாற்பத்தேழு பேர் மூன்று மணி நேரம் தேடி, ஒரு கையுறை கண்டெடுத்தார்கள். அதுவும் டோர்பென் அன்று காலையில் தவறவிட்டது.

அந்த முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேயர் அந்தக் கையுறையைத் தராசில் வைத்தார். முள் அசையவில்லை. வாத்தியக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குழாய் வேலை செய்யும் கெப்ஹார்ட் என்னோடு பள்ளியில் படித்தவன், வாய் கொஞ்சம் நீளம். "ஏன்டி கெர்லிண்ட், இதுக்கா கடையை மூடிட்டு வந்தேன்? எங்க வீட்டுக் குளியலறையிலேயே இதைவிட அதிகம் கிடக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது, கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் பிரஸ்ஸல்ஸிலிருந்து கடிதம். பயன் அளவு ஏறக்குறைய நூறு சதவீதம் சரிந்திருக்கிறதாம். ஹாஸ்லிங்கன் தொழில்களுக்குப் பொறுப்புணர்வு குறைந்துவிட்டதா என்று கேட்டிருந்தார்கள். ஓடை சுத்தமாகிவிட்டது என்று பதில் எழுதினேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை என்று மறுபதில் வந்தது.

அடுத்த வருடம் ஓடையில் குப்பை இருந்தது.

நான்தான் கொண்டுபோனேன். அதில் குழப்பம் ஒன்றும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஓடை நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் ஓர் ஆள் வெளியே இருக்க மாட்டான், எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருப்பார்கள். நான் கையிழு வண்டியில் மஞ்சள் அங்கிகளைப் பரப்பி, அதன் அடியில் சரக்கை வைத்து இழுத்துப் போவேன். யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்தாலும், பாவம் இந்த மெர்க்லே அம்மா, சாப்பிடக்கூட நேரமில்லாமல் விழாவுக்கு ஏற்பாடு செய்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அதுவும் பொய்யில்லையே.

எறிந்தேன் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறது. அதைத் திருத்துங்கள். எறியவில்லை, வைத்தேன். மதிய ஓய்வு நேரத்தில் கண்ணாடி சத்தம் கேட்கக் கூடாது என்பது ஊர் விதி. ஒவ்வொரு புட்டியாகக் குனிந்து வைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. முதல் வளைவில் வெள்ளைக் கண்ணாடி, பாலத்தடியில் பழுப்பு, கீழே பச்சை. செய்தித்தாள்களைச் சணல் போட்டுக் கட்டினேன். தயிர்க் கோப்பைகளை வெந்நீரில் கழுவி, மேல்மூடியைத் தனியாகக் கழற்றி வைத்தேன். குப்பைதானே என்று கண்டபடி போடுகிற ஜன்மம் இல்லை நான்.

அந்த வருடம் நூற்று எண்பது கிலோ. எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு களை. "இந்த வருஷம் பொறுக்கறதுக்கு எவ்வளவு வசதியா இருக்கு பாரு" என்று கெப்ஹார்டே சொன்னான். வால்ட்ராவுட் கண் கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தாள். ஓடைக்கு ஒரு நாள் சிரமம், நாற்பத்தேழு பேருக்கு ஒரு வருட மனநிறைவு. நீங்களே நியாயம் சொல்லுங்கள். அடுத்த வருடம் நானூறு கிலோ. அதற்கடுத்த வருடம் எடை கொஞ்சம் குறையும்போல் இருந்தது. அதனால் நாற்காலியைக் கொண்டுபோனேன்.

அது மன்ஃப்ரெட்டின் நாற்காலி. மன்ஃப்ரெட் என் கணவர். ஃப்ரைபுர்கில் ஒரு பெண் பல் டாக்டரோடு இப்போது வசிக்கிறார். போகும்போது காப்பி இயந்திரத்தை எடுத்துப் போனார், நாற்காலியை விட்டுவிட்டார். பெரிய மெத்தை நாற்காலி, முப்பத்தைந்து கிலோ. நான்கு வருடம் வீட்டுக் கூடத்தில் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆனால் இதை நான் கோபத்தில் செய்யவில்லை. எடைக்காகச் செய்தேன்.

எனக்குத் தெரியாத ஒன்று, அந்த நாற்காலியின் அடியில் அல்வின் ரப்பின் முத்திரை இருந்தது.

அல்வினைத் தெரியுமல்லவா, மணிக்கூண்டுக்குப் பின்னால் குஷன் கடை. தானும் இரண்டு வேலையாட்களும். முதியோர் இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்து நாற்காலிகள் முழுவதும் அவர் கைவேலைதான், அந்த வேலையை நம்பித்தான் மூன்று குடும்பமும் இருந்தது. ஊரிலேயே என் படிவத்தை வாங்காத ஒரே ஆள். நான்கு முறை போனேன். "ரெண்டு பேரு வேலைக்கு வராங்க. வரும்போதும் சிரிச்சுக்கிட்டு வராங்க, போகும்போதும் சிரிச்சுக்கிட்டுப் போறாங்க. இதுக்கு எந்தக் கட்டத்துலம்மா டிக் அடிக்கணும்?" என்று கேட்டார். சிரிப்புக்குக் கட்டம் இல்லை என்று சொன்னேன். "அப்ப விடுங்க" என்று எனக்கு உப்பு ரொட்டி ஒன்று கொடுத்து அனுப்பினார். வெண்ணெய் தடவியது.

ஓடை நாளன்று கெப்ஹார்ட் அந்த நாற்காலியைப் புரட்டினான். "அல்வின் ரப், ஹாஸ்லிங்கன்" என்று சத்தமாகப் படித்தான். வாத்தியம் நின்றது. அல்வின் கரையில்தான் நின்றுகொண்டிருந்தார், தொத்திறைச்சி சாப்பிட வந்தவர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் இறங்கி வந்து நாற்காலியைத் தடவிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னை ஒரு கணம் பார்த்தார்.

"என் வேலைதான். ஆணி இன்னும் கெட்டியாத்தான் பிடிச்சிருக்கு."

"யாருக்குச் செஞ்சது?" என்று மேயர் கேட்டார்.

"மறந்துபோச்சு."

"உன் கடையிலேர்ந்துதானே வந்திருக்கு? இத்தனை வருஷமா நீதான் கொட்டிக்கிட்டு இருந்தியா, நாங்க முட்டாள் மாதிரி பொறுக்கிக்கிட்டு இருந்தோமா?" என்றான் கெப்ஹார்ட்.

அல்வின் பாதி தின்ற தொத்திறைச்சியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். எனக்கு என்னவோபோல் இருந்தது. ஆனால் எடை நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. அதுவரை இல்லாத எடை.

பிறகு நடந்ததில் எனக்குப் பங்கில்லை, ஊர் தானாகச் செய்தது. அவர் கடைக் கதவில் யாரோ படிக்கட்டு பெருக்கும் முறை அட்டையை மாட்டினார்கள். அவர் கழற்றினால் மறுவாரம் இன்னொன்று தொங்கும். கடையில் பதினொரு அட்டைகள் சேர்ந்தன. ரொட்டிக் கடையில் அவர் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர்கள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள், ஏதோ அதில் அவர் குப்பையைப் போட்டுவிடுவார்போல. கடைசியில் முதியோர் இல்லத்திலிருந்து கடிதம் போயிற்று. ஓடையை அசுத்தப்படுத்துகிறவரிடம் இனி நாற்காலி வேலை கொடுப்பதற்கில்லை என்று.

அவர் மனைவி இர்மேலா என் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மெர்க்லே அம்மா, நீங்கதான் ஏதாவது செய்யணும். அந்த வேலையும் போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான். இந்த மனுஷன் வாயத் திறக்க மாட்டேங்கறாரு. நான் பண்ணலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்னா, 'விடுடி, தானா அடங்கும்'ங்கறாரு. யாரைக் காப்பாத்தறாருன்னே தெரியலை. எனக்கு வயிறு எரியுது."

நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு படிவத்தைக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைத் தவறாக நினைக்கக் கூடாது. அந்த நிமிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம், யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும்? ஓடை நாள் போகும், பச்சைத் தகடுகளுக்கு மதிப்புப் போகும், அறுபத்தொரு கடைகளின் நற்பெயர் போகும். ஒருவருக்காக அறுபத்தொரு பேரைக் கைவிடுவது பொறுப்பில்லாத செயல். அல்வினுக்கோ வேறு வழி இருந்தது. திருந்தினால் போதும்.

மறுநாள் அல்வின் வந்து கையெழுத்துப் போட்டார். இர்மேலா இழுத்து வந்தாள் என்று நினைக்கிறேன். பேனாவை மூடிவிட்டு, "மன்ஃப்ரெட் எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருப்பாரு."

"கோபம் வந்தா எதையாவது தூக்கிப் போட்டாத்தான் ஆறும். எனக்குப் புரியுதும்மா. மனசுல எதையும் வெச்சுக்காதீங்க."

அதைக் கேட்டு நான் அசந்துபோனேன். மனிதர் செய்யாததையே செய்ததாக நம்பத் தொடங்கிவிட்டாரே, இவ்வளவு சீக்கிரம் பயிற்சி வேலை செய்கிறதே என்று பட்டது. படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'கோபம்' என்று எழுதிக்கொண்டேன்.

அவருக்குப் பதினான்கு படிகள் கொண்ட திருந்தும் திட்டம் போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு இரண்டு மணி நேரம் படிவம் நிரப்பினார். அவர் வேலையாட்கள் இரண்டு பேரும் வேலையில் எவ்வளவு மகிழ்ச்சி என்று தினமும் ஒன்று முதல் பத்து வரை எண் போட வேண்டும். மூன்றாம் வாரம் இருவரும் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். எண்ணில் எட்டுக்குக் குறையவில்லை. கடைசிப் படி, ஸ்டுட்கார்ட்டில் எங்கள் மாநாட்டில் மேடை ஏறி, தான் மாறிய கதையைச் சொல்வது. பிரஸ்ஸல்ஸ்காரர்களும் வந்திருந்தார்கள். அல்வின் மஞ்சள் அங்கியோடு ஏறினார். ஒலிபெருக்கியை ஒரு தட்டுத் தட்டினார்.

"நான் என்ன செஞ்சேன்னு எனக்கே சரியாத் தெரியலை. ஆனா இனிமே செய்ய மாட்டேன்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைச் சிந்தினாள். அன்றே அவருக்குப் பச்சைத் தகடு கொடுத்தோம். அதைக் கடை வாசலில் அடித்த மறுவாரம் முதியோர் இல்லம் நாற்காலி வேலையைத் திருப்பிக் கொடுத்தது, தகடு இருக்கும்வரை என்ற நிபந்தனையோடு. இர்மேலா எனக்கு ஒரு பிளம் கேக் செய்து கொண்டுவந்தாள். கெட்டவளாக இருந்தால் என்னால் அந்தக் கேக்கைச் சாப்பிட்டிருக்க முடியுமா? இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

இந்த வருடம்தான் மாவட்டக் குப்பை அலுவலகத்திலிருந்து அந்தப் புதுப் பெண் விருந்தாளியாக வந்தாள். எல்லோரும் பொறுக்கிக்கொண்டிருக்க, அவள் மட்டும் பச்சைக் கண்ணாடி வளைவில் நெடுநேரம் நின்றாள். பிறகு ஒரு தயிர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மெர்க்லே அம்மா, ஓடையில குப்பை கொட்டறவன் தயிர்க் கோப்பையைக் கழுவிட்டா கொட்டுவான்?"

"நல்ல வளர்ப்பா இருக்கலாம்" என்றேன்.

அவள் நேராக அல்வின் கடைக்குப் போய்க் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். பஞ்சு, பேட்டரி, பாதி ரொட்டி, பசை டப்பா எல்லாம் ஒரே தொட்டியில் கிடந்ததாம். இந்த ஆளால் இது முடியவே முடியாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். எனக்கு இதில் மனவருத்தம்தான். தரம் பிரிப்பது அவருடைய திட்டத்தில் மூன்றாம் படி. செய்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அப்புறம், ஊரில் இப்படிக் கழுவிப் பிரித்து வைக்கிறவர் யார் என்று விசாரித்துக்கொண்டு நீங்கள் என் நிலவறைக்கு வந்தீர்கள். அடுத்த வருடத்துச் சரக்கு பெட்டி பெட்டியாக, எடைச் சீட்டு ஒட்டி இருந்ததைப் பார்த்தீர்கள். சமையலறையில் கோப்பைகள் வரிசையாகக் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. உங்களோடு வந்தவர் அதில் ஒன்றை மோந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டுத் தட்டைவிடச் சுத்தமா இருக்கு" என்றார். அந்தப் பாராட்டை நான் மறக்க மாட்டேன்.

ஆக, ஓடையில் மூன்று வருடம், இந்த வருடத்தோடு நான்கு, குப்பை வைத்தது நான். நாற்காலியை வைத்ததும் நான். அல்வின் மேல் பழி விழுந்தபோது பேசாமல் இருந்ததும் நான்தான். இதில் எதையும் மறைக்கவில்லை. வெளிப்படைத்தன்மை எங்கள் படிவத்தில் ஏழாவது அத்தியாயம்.

இன்று காலை நீங்கள் எனக்கு ஒன்று சொன்னீர்கள். அல்வின் அந்த நாற்காலியைப் பார்த்த நொடியிலேயே அது மன்ஃப்ரெட்டுக்குத் தைத்தது என்று அடையாளம் கண்டுகொண்டாராம். ஒரு வருடமாகத் தெரிந்தே இருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு, "புருஷன் விட்டுட்டுப் போன பொம்பள, மனசு தாங்காம ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டிருக்கா. அதுக்கு ஊரே கூடி அவளைப் பேசணுமா? என்னைப் பேசிட்டுப் போகட்டும்" என்றாராம்.

அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நீங்கள் பார்த்தீர்கள், கைக்குட்டைகூடக் கொடுத்தீர்கள். இப்படி ஒரு மனிதரை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. மன்ஃப்ரெட்டே எனக்காக ஒரு சொல் பொறுத்துக்கொண்டதில்லை. நீங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அதையே நினைத்து நினைத்து அழுதேன், அழுது முடித்ததும் மனம் தெளிந்தது.

நீங்கள் கொடுத்த தாளில் அல்வினுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், இரண்டு பக்கமும் எழுதித் தாளை மிச்சப்படுத்தியிருக்கிறேன். தயவுசெய்து தபாலில் சேர்த்துவிடுங்கள், ஒரு பிரதி முதியோர் இல்லத்துக்கும். சுற்றுச்சூழல் குற்றம் ஒன்றைத் தெரிந்தே ஒரு வருடம் மறைத்தவருக்கு எங்கள் பச்சைத் தகடு இருக்க முடியாது.